கண்ணாடி இழையும் சிதறிய ஒளியும்

ஒளி நேர்க்கோட்டில் செல்லும் என்பது பள்ளிக்கூடத்துப் பௌதிகத்தில் நாம் எல்லோரும் முதன்முதலாக மனப்பாடம் செய்கிற பாடம். அந்த நேர்வழியிலிருந்து விலகிப்போன ஒளியை, தான் ஊடுருவிச் செல்கிற பொருளின் மூலக்கூறுகளில் பட்டுத் திசைமாறி, சில சமயம் நிறமும் மாறி, வந்த வழியே திரும்பி வருகிற மிக மெல்லிய ஒளியைப் பின்தொடர்வதிலேயே என் ஆராய்ச்சி வாழ்வு முழுவதும் கழிந்தது. முதலில் திரவங்களில் அதைப் பார்த்தேன். பிறகு கண்ணாடி இழைகளில் பார்த்தேன். கடைசியில் குழாய்களின் மீதும் பாலங்களின் உடலிலும் அந்த இழைகளைப் பதித்து, அவற்றிலிருந்து திரும்பி வரும் ஒளியைக் கொண்டு உஷ்ணத்தையும் நீட்சியையும் அளக்க முற்பட்டேன். இம்மூன்று பருவங்களிலும் எனக்கு வாய்த்த பிரச்சினை ஒன்றே என்பது இப்போது திரும்பிப் பார்க்கையில் தெளிவாகிறது. சிதறிய ஒளி தன்னைத் தீண்டிய எல்லாவற்றையும் ஒருங்கே சொல்லிவிடுகிறது. அவற்றுள் நாம் கேட்டது எது, கேளாதது எது என்று பிரித்தறியும் பொறுப்பு நம்மிடம் விடப்படுகிறது.

நான் படித்தது திருச்சிராப்பள்ளியில். அவ்வூரை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் ஆண்டு சர் சி. வி. ராமன் பிறந்தார் என்பதைப் பெருமையோடு சொல்லாத பௌதிக ஆசிரியர் அங்கே இருக்க முடியாது. எங்கள் ஆசிரியரும் சொன்னார். ஆனால் சொன்னதோடு நின்றுவிடாமல், ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இரண்டொரு சொட்டுப் பாலை விட்டுக் கலக்கி, ஜன்னல்களை அடைத்துவிட்டு, ஒரு விளக்கின் ஒளியை அதன் ஊடே செலுத்தினார். பக்கவாட்டில் நின்ற எங்களுக்கு நீர் வெளிறிய நீலமாகத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் போய் விளக்கை நேராகப் பார்த்தவர்களுக்கு அதே ஒளி செம்மஞ்சளாகத் தெரிந்தது. வானம் நீலமாக இருப்பதற்கும் அந்திச் சூரியன் சிவப்பதற்கும் உரிய காரணம் இந்தத் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது என்று கூறி, பின்னாளில் ராலே பிரபு என்று உலகம் அறிந்த ஜான் ஸ்ட்ரட் 1871-ல் கண்ட விதியைக் கரும்பலகையில் எழுதினார்: அலைநீளம் பாதியாகக் குறைந்தால், சிதறும் ஒளி பதினாறு மடங்காகப் பெருகும்.

கடலின் நீலத்தைப் பற்றி ராலே கொண்டிருந்த அபிப்பிராயம், அது வானத்தின் பிரதிபிம்பம் என்பதே. 1921-ல் ஐரோப்பாவுக்குக் கடல் யாத்திரை சென்று மீண்ட ராமன், மத்தியதரைக் கடலை ஒரு நிக்கோல் பட்டகத்தின் வழியே பார்த்து, நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியை விலக்கிய பின்பும் அந்த நீலம் குன்றாமல் நிற்பதைக் கண்டு, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்தார். அதற்குப் பின் கல்கத்தாவில் பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தின் கூடத்தில் நடந்த ஏழாண்டு உழைப்பை எங்கள் ஆசிரியர் விவரித்த விதம் இன்னும் என் செவியில் இருக்கிறது. 1923-லேயே கே. ஆர். ராமநாதன் சுத்தம் செய்த திரவங்களில் நிறம் மாறிய ஒரு மங்கிய ஒளியைக் கண்டதும், எத்தனை முறை வடித்துத் தூய்மைப்படுத்தினாலும் அது மறையாதிருந்ததும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1928-ன் தொடக்கத்தில் எண்ணற்ற திரவங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்ததும், அவ்வாண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் நிறமாலைமானியில் அந்த ஒளி சந்தேகத்துக்கு இடமின்றிப் புலப்பட்டதும் ஒரு கதையாக எங்களுக்குள் இறங்கின. ராமநாதன் கண்ட மங்கிய ஒளியை அழுக்கின் விளைவென்று ஒதுக்கிவிட எல்லா நியாயமும் இருந்தது. ஒதுக்காமல், எது அழுக்கு, எது இயற்கை என்று பிரித்துப் பார்த்ததுதான் அந்தக் கண்டுபிடிப்பின் ஜீவன் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

பெங்களூரில் எல்லோரும் டாட்டா இன்ஸ்டிட்யூட் என்று அழைக்கிற இந்திய விஞ்ஞானக் கழகத்தில் நான் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தபோது ராமன் மறைந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எனக்குக் கிடைத்த விஷயம் இரட்டைத் திரவங்களில் ஒளிச்சிதறல். அனிலினையும் சைக்ளோஹெக்சேனையும் தக்க விகிதத்தில் சேர்த்து, ஏறக்குறைய 30 டிகிரிக்கு மேலே வைத்தால் இரண்டும் ஒன்றாகக் கலந்து தெளிந்த திரவமாக நிற்கும். அந்த உஷ்ணநிலைக்குக் கீழே போனால் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்துவிடும். மேலிருந்து மெதுவாகக் குளிர்வித்துக்கொண்டு வந்து, பிரியப்போகிற அந்த எல்லைக்கு மிக அருகில் நிறுத்தினால், அதுவரை தெளிவாக இருந்த திரவம் திடீரென்று பால்நிறம் கொள்ளும். மூலக்கூறுகள் ஓரிடத்தில் இது மிகுந்தும் மற்றோரிடத்தில் அது மிகுந்தும் கூடிக் கலைந்து, மீண்டும் கூடுகிற அந்த ஏற்றத்தாழ்வுகள், ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு வளர்ந்துவிடுவதே அதன் காரணம். 1908-ல் ஸ்மோலுகோவ்ஸ்கியும் 1910-ல் ஐன்ஸ்டைனும் இதற்குக் கணக்குச் செய்து வைத்தார்கள்.

இந்தப் பரிசோதனையில் சாமர்த்தியம் எல்லாம் உஷ்ணநிலையை அசையாமல் நிறுத்துவதில்தான் இருந்தது. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அசைந்தாலும் சிதறிய ஒளியின் அளவு மாறிவிடும். நீர்த்தொட்டிக்குள் இன்னொரு தொட்டி, அதற்குள் கண்ணாடிக் குப்பி, அதைச் சுற்றிப் பஞ்சுப் பொதி, இவ்வளவும் கட்டி முடித்தபின், அறைக்குள் ஒருவர் வந்து நின்றால் அவருடைய உடற்சூடே வரைபடத்தில் தெரியும் என்ற நிலையை அடைந்தோம். அப்போது அதை ஒரு தொல்லை என்றுதான் எண்ணினோம். சிதறிய ஒளி உஷ்ணத்தை இவ்வளவு நுட்பமாக உணருமானால் அதையே ஓர் உஷ்ணமானியாகக் கொள்ளலாமே என்ற யோசனை எங்கள் மேஜைமீதே கிடந்தது. அதை எடுத்துப் பார்க்க வேறு தேசத்தில் வேறு சிலர் முன்வந்தார்கள்.

எங்கள் குப்பிகளைச் செய்துகொடுத்தவர் கழகத்துக் கண்ணாடிப் பட்டறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர். வட ஆற்காட்டுக்காரர், அதிகம் பேசமாட்டார். ஊதி முடித்த குப்பியை உடனே கேட்டு நின்ற என்னிடம், “சூடு ஆறினாப் போதாது தம்பி, உள்ள இருக்கிற இறுக்கம் ஆறணும். அவசரப்பட்டா நீ தண்ணியில வைக்கிற அன்னிக்கு வெடிச்சுடும்” என்று சொல்லி, குப்பியைத் திரும்ப உலைக்குள் வைத்துவிட்டார். பிறகு இரண்டு துருவத் தகடுகளுக்கு நடுவே அதைப் பிடித்து, இறுக்கம் மிகுந்த இடங்களில் வண்ண வளையங்கள் தோன்றுவதைக் காட்டினார். வெளிப்பார்வைக்கு நிர்மலமாக இருக்கும் கண்ணாடிக்குள் தன்னை வார்த்த விதம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை நான் அவரிடம் கற்றேன். பின்னாளில் இழை இழுக்கும் கோபுரங்களின் கீழ் நின்றபோதெல்லாம் அந்தப் பட்டறையை நினைத்துக்கொள்வேன்.

இங்கே பெங்களூரின் இன்னொரு பரம்பரையையும் சொல்ல வேண்டும். ஒளி, பொருளுக்குள் இயல்பாக ஓடிக்கொண்டிருக்கும் ஒலி அலைகளிலும் பட்டுச் சிதறும். அப்படிச் சிதறும்போது அந்த அலைகளின் வேகத்துக்கேற்ப அதன் அதிர்வெண் மிகச் சிறிதே மாறும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லெயோன் பிரில்லூயின் 1922-ல் எழுதினார். அதைத் திரவங்களில் 1930-ல் லெனின்கிராடில் கிராஸ் கண்டார். 1947-ல் வைரத்தில் அதை அளந்தவர் பெங்களூர்க் கழகத்தின் ஆர். எஸ். கிருஷ்ணன். இவ்வாறு அதிர்வெண் மாறாத ராலே சிதறல், சற்றே மாறும் பிரில்லூயின் சிதறல், வெகுவாக மாறும் ராமன் சிதறல் என்ற மூன்றையும் ஒரே கட்டடத்துக்குள் பேசிக்கொண்டிருந்த சூழலில் நான் வளர்ந்தது என் பாக்கியம். பின்னால் இழை உணர்விகளின் உலகத்துக்குள் நுழைந்தபோது, அந்த மூன்று பெயர்களையே வைத்து அங்கே கருவிகள் வகுக்கப்பட்டிருந்ததால், புதிய ஊரில் பழைய உறவினர்களைக் கண்ட உணர்வே எனக்கு ஏற்பட்டது.

கண்ணாடி இழை வழியே செய்தி அனுப்பலாம் என்று இங்கிலாந்தில் சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்காமும் 1966-ல் எழுதியபோது, இருந்த இழைகளில் ஒளி சில மீட்டர் தூரத்திலேயே அழிந்துபோயிற்று. கிலோமீட்டருக்கு 20 டெசிபல், அதாவது ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு எஞ்சினாலே போதும் என்பது அவர்கள் வைத்த இலக்கு. 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அதைத் தாண்டினார்கள். 1979-ல் ஜப்பானில் 1.55 மைக்ரான் அலைநீளத்தில் 0.2 டெசிபல் என்ற அளவு எட்டப்பட்டது. அந்த இழையில் ஒளி பாதியாகக் குறைய 15 கிலோமீட்டர் போக வேண்டும். அழுக்கையும் ஈரத்தையும் ஏறக்குறைய முற்றிலும் நீக்கியாகிவிட்டது. இதற்கு மேலும் எஞ்சி நிற்கிற இழப்பு பெரும்பாலும் ராலே சிதறலால் வருவது. அதை நீக்க மனிதனால் இயலாது என்று அப்போது படித்தேன். என்னால் அந்த வாக்கியத்தைக் கடந்துபோக முடியவில்லை.

காரணத்தைத் தேடிப் போனால், என் அனிலின் குப்பியே எதிரில் வந்து நின்றது. உருகிய சிலிக்காவில் அடர்த்தி ஓயாமல் ஏறியும் இறங்கியும் அலைந்துகொண்டிருக்கிறது. அதை 2000 டிகிரி அளவிலிருந்து இழையாக இழுத்து விரைந்து குளிர்விக்கும்போது, அந்த ஏற்றத்தாழ்வுகள் கலைய அவகாசமின்றி அப்படியே உறைந்துவிடுகின்றன. திரவத்தில் கணந்தோறும் மாறிக்கொண்டிருந்தது கண்ணாடியில் நிலைத்துவிடுகிறது. ஒவ்வோர் இழையும் தான் பிறந்த உலையின் கொந்தளிப்பைத் தன் நீளம் முழுவதும் சுமந்துகொண்டிருக்கிறது. ஒளி அதில் எங்கே பட்டாலும் அங்கிருந்து ஒரு துளி திரும்பி வருகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்துக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தது. அந்தத் துறைமுக நகரத்தின் குளிரும் ஈரமும் எனக்குச் சிறிதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் இழை இழுக்கும் கோபுரம் இயங்குகிற நாட்களில் வேறெங்கும் இருக்க மனம் வராது. உச்சியில் விரல் பருமனுள்ள கண்ணாடித் தண்டு உலைக்குள் இறங்கும். அதன் நுனி இளகிக் கீழே விழுந்து இழையாகும். ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 125 மைக்ரான், என்ற விட்டத்தைக் கருவி இடையறாது அளந்துகொண்டிருக்க, உடனே அக்ரிலேட் பூச்சு ஏறி, புற ஊதா விளக்கில் இறுகி, இழை சுருளில் போய்ச் சேரும். பூச்சேறாத இழையை விரலால் தொட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, என்றாவது ஒருநாள் அந்த இடத்தில் முறியும். பூச்சேறியபின் அதே இழை, பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால், எஃகுக் கம்பியைத் தோற்கடிக்கிற வலிமை கொள்ளும்.

இழையில் முறிவு எங்கே நேர்ந்தது என்று கண்டுபிடிக்கத் தொலைத்தொடர்புக்காரர்கள் அப்போதே ஒரு முறையைக் கைக்கொண்டிருந்தார்கள். 1976-ல் பார்னோஸ்கியும் ஜென்சனும் வகுத்த அம்முறையில், இழைக்குள் ஒரு குறுகிய ஒளித் துடிப்பை அனுப்பிவிட்டுத் திரும்பி வருவதைக் காலத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். கிணற்றுக்குள் கூப்பிட்ட குரல் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்பதைக் கொண்டு ஆழத்தை மதிப்பிடுகிற காரியந்தான் இது. இங்கே மட்டும் கிணற்றின் அடியிலிருந்து ஒரே எதிரொலி வராமல், சுவரின் ஒவ்வோர் அங்குலமும் தனித்தனியே பதில் சொல்கிறது. கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் போவதால், ஒரு கிலோமீட்டர் போய்த் திரும்பப் பத்து மைக்ரோ நொடி ஆகிறது. துடிப்பின் நீளம் பத்து நானோ நொடியானால் ஒரு மீட்டருக்கு ஒரு பதில் கிடைக்கிறது. சிதறியதில் பெரும்பகுதி இழையை விட்டு வெளியேறிவிடும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் திரும்பும் திசையில் இழைக்குள் அகப்படுகிறது.

அந்த ஒளியைக் கொண்டு முறிவை அறியலாம் என்றால், சூட்டை ஏன் அறியக்கூடாது? சவுத்தாம்ப்டனில் ஆர்தர் ஹார்டாக் 1983-ல் அதைச் செய்து காட்டினார். அவர் பயன்படுத்தியது உள்ளே திரவம் நிரப்பிய இழை. அது ஏன் திரவம் என்று கேட்டவர்களுக்கு நான் என் பெங்களூர் அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல முடிந்தது: உறைந்துபோன கண்ணாடியின் ராலே சிதறல் உஷ்ணத்துக்கேற்ப மாறுவது மிகச் சொற்பம், திரவத்தின் சிதறலோ உடனுக்குடன் மாறும். ஆயினும் திரவ இழையைக் கிணறுகளிலும் சுரங்கங்களிலும் கொண்டுபோய்ப் பதிப்பது நடைமுறைக்கு ஏற்றதல்ல. சாதாரணக் கண்ணாடி இழையிலேயே உஷ்ணத்தை அளக்க வேண்டுமானால், உறைந்த ஏற்றத்தாழ்வுகளை விட்டுவிட்டு, கண்ணாடியில் இன்னும் அசைந்துகொண்டிருப்பது எதுவோ அதைப் பற்ற வேண்டும். அசைந்துகொண்டிருப்பவை அணுக்களின் அதிர்வுகள். அவற்றைப் பற்றுகிற ஒளிக்குப் பெயர் ராமன் சிதறல்.

1985-ல் இங்கிலாந்திலேயே ஜான் டேக்கினும் அவருடைய சகாக்களும் ஒருபுறமும், ஹார்டாக்கும் அவருடைய சகாக்களும் மற்றொருபுறமுமாக, ராமன் சிதறலைக் கொண்டு கண்ணாடி இழையின் நீளம் நெடுக உஷ்ணநிலையை அளந்து காட்டினார்கள். அதன் தத்துவம் அழகானது. அதிரும் மூலக்கூறுக்கு ஒளி தன் சக்தியில் ஒரு பகுதியைக் கொடுத்துவிட்டு நிறம் சிவந்து திரும்பலாம். அதற்கு ஸ்டோக்ஸ் ஒளி என்று பெயர். ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறிடமிருந்து சக்தியைப் பெற்றுக்கொண்டு நீலத்தின் பக்கம் நகர்ந்தும் திரும்பலாம். அது எதிர்-ஸ்டோக்ஸ் ஒளி. கொடுப்பதற்கு எந்த மூலக்கூறும் சம்மதிக்கும். பெறுவதற்கோ சூடு வேண்டும். ஆகவே இரண்டின் விகிதத்தை எடுத்தால் உஷ்ணநிலை வந்துவிடுகிறது; விளக்கின் பிரகாசம் கூடினாலும் குறைந்தாலும் அது இரண்டையும் ஒன்றாகவே பாதிப்பதால் கழிந்துபோகிறது. அறையின் உஷ்ணநிலையில் ஒரு டிகிரிக்கு எதிர்-ஸ்டோக்ஸ் ஒளி மாறுவது ஏறக்குறைய 0.8 சதவீதம். அந்த ஒளியே திரும்பி வரும் ராலே ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதிலும் 0.8 சதவீதத்தைக் காண வேண்டும்.

ஒரே துடிப்பில் அதைக் காண முடியாது. ஆயிரக்கணக்கிலும் லட்சக்கணக்கிலும் துடிப்புகளை அனுப்பி, திரும்பி வந்தவற்றையெல்லாம் கூட்டிச் சராசரி எடுக்க வேண்டும். நான்கு மடங்கு காத்திருந்தால் இரைச்சல் பாதியாகும், பதினாறு மடங்கு காத்திருந்தால் கால்வாசியாகும். இரவில் கருவியை ஓடவிட்டு, இழைச்சுருளின் ஒரு பகுதியை வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்தி, திரையில் ஒழுங்கற்றுத் துள்ளிக்கொண்டிருக்கும் கோடு மெல்ல மெல்ல அடங்கி, அந்தத் தொட்டியிருக்கும் தூரத்தில் மட்டும் ஒரு மேடு தெளிவாக எழும்பி நிற்பதை முதன்முறை பார்த்தபோது எனக்கு உண்டான உவகை வேறெந்தச் சந்தோஷத்துக்கும் குறைந்ததல்ல. பௌபஜார் தெருவில் பாதரச விளக்கின் ஒளியில் கண்ணை நம்பிப் பார்த்த அதே நிகழ்ச்சி இது. அங்கே ஒரு குப்பித் திரவத்தில் கண்டதை இங்கே கிலோமீட்டர்க் கணக்கில், ஒவ்வொரு மீட்டருக்கும் தனித்தனியே, காண்கிறோம்.

தாயகம் திரும்பிய பிறகு ஆய்வுக்கூடத்தை விட வெளியே அலைந்த காலமே அதிகம். உயர் அழுத்த மின்கேபிள்கள், சுரங்கங்கள், எண்ணெய்க் கிணறுகள், அணைகள் என்று இழை உணர்விகளுக்குத் தேவை பெருகிற்று. அவற்றையெல்லாம் விவரிக்கப் போவதில்லை. கல்பாக்கத்தை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் வேக ஈனுலைகளின் சூட்டைத் திரவ சோடியம் ஏந்திச் செல்கிறது. சோடியம் 98 டிகிரியில் உருகும். காற்றில் கசிந்தால் தீப்பற்றும். நீண்ட குழாயில் எந்த இடத்தில் கசிந்தாலும் அறிய வேண்டுமென்று, குழாயின் மீது இழையைப் பதித்து ராமன் முறையால் சூட்டைப் பார்க்கிற சோதனைகளை அங்குள்ள விஞ்ஞானிகள் செய்து வெளியிட்டார்கள். சாதாரண அக்ரிலேட் பூச்சு 85 டிகிரிக்கு மேல் தாங்காது. பாலிஇமைட் பூச்சு 300 டிகிரி வரை தாங்கும். அதற்கும் மேலே உலோகப் பூச்சு வேண்டும். இழையின் சூட்சுமங்களைப் பேசும்போது எல்லோரும் ஒளியையே பேசுகிறார்கள். களத்தில் இறங்கினால் முக்கால்வாசிப் பிரச்சினை பூச்சிலும் உறையிலும் இணைப்பிலும்தான் இருக்கிறது. சாய்வாக வெட்டப்படாத ஒரு முனையிலிருந்து நேரே பிரதிபலிக்கும் நாலு சதவீத ஒளி, உணர்வியைக் கணநேரம் குருடாக்கி, அதற்கடுத்த பல மீட்டர்களை மறைத்துவிடும். தூசு படிந்த ஒரு கனெக்டரை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது எங்கள் தொழிலில் அற்பக் காரியமல்ல.

ராமன் சிதறல் உஷ்ணத்தை மட்டுமே சொல்கிறது. அந்த வகையில் அது நேர்மையான சாட்சி. பிரில்லூயின் சிதறல் அப்படியல்ல. 1.55 மைக்ரான் ஒளியில் அதன் அதிர்வெண் மாற்றம் ஏறக்குறைய 11 கிகாஹெர்ட்ஸ். கண்ணாடியில் ஒலி போகிற வேகம் அதை நிர்ணயிக்கிறது. சூடு ஏறினாலும் அந்த வேகம் மாறும், இழையை இழுத்தாலும் மாறும். 1989-ல் ஜப்பானில் ஹொரிகுச்சியும் அவருடைய சகாக்களும் இழுவைக்கேற்ப அது மாறுவதை அளந்து, இழையைக் கட்டடங்களின் நீட்சிமானியாக்க வழிதிறந்தார்கள். கணக்கு இதுதான்: ஒரு டிகிரி ஏறினால் சுமார் ஒரு மெகாஹெர்ட்ஸ் மாறும், ஒரு கிலோமீட்டர் இழையை இரண்டு சென்டிமீட்டர் இழுத்தாலும் அதே ஒரு மெகாஹெர்ட்ஸ் மாறும். இவ்விரண்டில் எது நடந்தது என்பதற்கு அந்த எண்ணில் எவ்வித அடையாளமும் இராது.

இதை நான் முழுமையாக உணர்ந்தது ஒரு கான்கிரீட் பாலத்தில். உத்திரத்தின் அடிப்பக்கத்தில் நீளவாட்டில் பள்ளம் வெட்டி, இழையை எபாக்ஸி இட்டு ஒட்டியிருந்தோம். ஒரு மீட்டர் நீளத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள விரிசல் விழுந்தால், அது அந்த மீட்டரின் சராசரி நீட்சியில் ஐந்து மெகாஹெர்ட்ஸாகத் தெரியும். ஐந்து டிகிரி வெயிலும் ஐந்து மெகாஹெர்ட்ஸ்தான். போதாததற்கு, வெயிலில் கான்கிரீட்டும் விரிந்து இழையை இழுக்கிறது; பத்து டிகிரி ஏறினால் இழையின் சொந்தச் சூட்டுக்குப் பத்து, கான்கிரீட் விரிவுக்கு ஐந்து என்று பதினைந்து மெகாஹெர்ட்ஸ் காலையிலிருந்து நடுப்பகலுக்குள் ஏறி, இரவில் இறங்கும். பாலத்தின் மேல்தளம் முதலில் காய்ந்து, உத்திரம் நடுவில் மேல்நோக்கி வளைவதால், ஒரே உத்திரத்தில் இடத்துக்கிடம் அந்த ஏற்றம் வேறுபடும். அந்தப் பணியிடத்துப் பொறியாளர், வயதில் மூத்தவர், பல பாலங்களைக் கட்டியவர், என் மடிக்கணினியின் திரையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். “இது விரிசல்னு சொல்லுதா, வெயில்னு சொல்லுதாங்க சார்?” என்றார்.

என் வாழ்நாளில் எந்தக் கருத்தரங்கிலும் இதைவிடச் சரியான கேள்வியை ஒருவர் கேட்டு நான் கேட்டதில்லை.

பதில் சொல்ல ஒரு வழி உண்டு. ஒட்டிய இழையின் பக்கத்திலேயே இன்னோர் இழையை, ஜெல் நிரப்பிய குழலுக்குள் தளர்வாக விட்டுப் பதித்தால், அதன்மேல் கான்கிரீட்டின் இழுவை ஏறாது. சூடு மட்டும் ஏறும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எஞ்சுவது நீட்சி. எழுத எளிதாக இருக்கிறது. நடைமுறையில் தளர்வான இழை வளைவுகளில் குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்; அங்கே அதுவும் இழுவையைச் சொல்லத் தொடங்கும். ஆதலால் கழிப்பதோடு நில்லாமல், விடியுமுன்பு, பாலம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வந்து நிற்கிற வேளையில் அளவெடுத்து, அந்த வேளைகளை மட்டும் வரிசையாக அடுக்கி ஒப்பிட்டோம். வெயில் காலையில் ஏற்றியதை இரவில் திரும்ப எடுத்துக்கொண்டுவிடும். விரிசல் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. வாரங்கள் செல்லச் செல்ல, ஒரே இடத்தில் மட்டும் விடியற்கால அளவு சிறிது சிறிதாக உயர்ந்து நிற்பதைக் கண்டு, அந்த இடத்தைச் சுண்ணாம்பால் குறித்துக் கொடுத்தோம். பொறியாளர் ஏணியில் ஏறி, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்து, கீழே இறங்கி வந்து, “இருக்கு சார், மயிரிழை மாதிரி” என்று சொன்னார். அன்று அவர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டை எங்களோடு பகிர்ந்துகொண்டார்.

இதிலிருந்து எனக்கு ஓர் உறுதியான அபிப்பிராயம் உண்டாயிற்று. அதை என் மாணவர்களிடம் வற்புறுத்தியே வந்திருக்கிறேன். இன்றைய கருவிகள் திரும்பி வந்த ஒளியைத் தாமே சராசரி எடுத்து, தாமே திருத்தி, “உஷ்ணநிலை இத்தனை டிகிரி” என்று வண்ணப் படமாகக் காட்டிவிடுகின்றன. அந்தப் படத்தைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் படமாவதற்கு முன்னிருந்த கோட்டை, முனையில் எழும் கூர்மையான பிரதிபலிப்போடும், ஒட்டுகளில் விழும் படிகளோடும், தூரம் போகப்போகப் பெருகும் இரைச்சலோடும் கூடிய அந்தக் கச்சாக் கோட்டைத் தினந்தோறும் கண்ணால் பார்க்கிறவனுக்கே இழை சொல்வது எது, கருவி சேர்த்துச் சொல்வது எது என்று தெரியும். ராமநாதனின் மங்கிய ஒளியை அன்று ஒரு கருவி தானே திருத்திக் கழித்திருக்குமானால், 1928-க்கு நாம் வந்து சேர இன்னும் எத்தனை காலம் பிடித்திருக்குமோ!

நான் ஓய்வு பெறுகிற தறுவாயில் ராலே சிதறலே மீண்டும் முன்னுக்கு வந்தது. உஷ்ணத்தை அறியப் பயன்படாதென்று நாங்கள் ஒதுக்கி வைத்த அந்த உறைந்த ஏற்றத்தாழ்வுகள், மிகத் தூய அதிர்வெண் கொண்ட லேசரின் துடிப்பை அனுப்பினால், ஒன்றோடொன்று குறுக்கிட்டு, இழையின் ஒவ்வொரு பகுதிக்கும் மாறாத ஒரு தனி வடிவத்தைத் திருப்பி அனுப்புகின்றன. இழை ஒரு மீட்டருக்கு ஒரு நானோமீட்டர் அளவு நீண்டாலும் திரும்பும் ஒளியின் கட்டம் மாறிவிடுகிறது. நொடிக்கு ஆயிரம் முறை அதைப் பார்த்தால் இழையே செவியாகிவிடுகிறது. 2018-ல் கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில், கடலடியில் ஏற்கெனவே கிடந்த ஆராய்ச்சிக் கேபிளின் இருபது கிலோமீட்டரை இவ்வாறு நான்கு நாட்கள் கேட்டு, நிலநடுக்க அலைகளையும் கடலலைகளின் அதிர்வையும் பதிவு செய்து, அதுவரை வரைபடத்தில் இல்லாத கடலடிப் பிளவுகளையும் கண்டார்கள். அந்தக் கட்டுரை அடுத்த ஆண்டு வெளிவந்தபோது அதை ஒரே இருப்பில் படித்து முடித்தேன். செய்திக்காகப் போடப்பட்ட கேபிள்கள் பூமியின் சமுத்திரங்களுக்கு அடியில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் கிடக்கின்றன; நிலநடுக்கமானிகள் கடலடியில் மிக அரிது. இதன் பொருள் என்ன என்பதை எண்ணிப் பார்க்கையில், இந்தத் துறை இப்போதுதான் தொடங்குகிறது என்று தோன்றுகிறது.

ஆயினும் பழைய கேள்வி கடலடிக்கும் போயிருக்கிறது. விரைந்த அதிர்வுகளை அறிவதில் தடையில்லை. மணிக்கணக்கில், நாட்கணக்கில் மெல்ல நிகழும் நில நகர்வை அறிய முற்பட்டால், ஓதத்தோடு ஏறியிறங்கும் குளிர்ந்த நீர் கேபிளைத் தொட்டுப் போவதும் அதே கட்டமாற்றமாகவே வந்து சேர்கிறது. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு குளிர்ச்சியே, மீட்டருக்குச் சில நானோமீட்டர் அசைவாகத் தோன்றும். கடலடியில் விடியற்காலம் என்று ஒன்று கிடையாது; காத்திருந்து அளக்க வழியில்லை. ஒரே கேபிளுக்குள் இரண்டு இழைகளை எடுத்து, ஒன்றில் ராலே சிதறலையும் மற்றொன்றில் பிரில்லூயின் சிதறலையும் ஒருங்கே பார்த்தால், இரண்டும் சூட்டுக்கும் இழுவைக்கும் வெவ்வேறு விகிதத்தில் இணங்குவதால், இரண்டு சமன்பாடுகளிலிருந்து இரண்டையும் பிரிக்கலாம் என்பது கணக்கு. பிரில்லூயின் அளவின் நுட்பம் ராலேயின் நுட்பத்துக்குப் பல படிகள் பின்தங்கியிருப்பதுதான் இப்போதைய இடையூறு. என்னிடம் படித்த இருவர் அதில் முனைந்திருக்கிறார்கள். அவர்கள் அனுப்புகிற கச்சாக் கோடுகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, சந்தேகமுள்ள இடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.